மூலைப் பீஸ்

ரெண்டு மாசமா இந்தப் பக்கம் வரல. கோடை உழவு ஓட்டிப் போட்டாச்சு, காடு சும்மாதான் கிடக்கு. மழை ஒண்ணு விழுந்தா அடுத்த வேலையைப் பார்க்கணும். அதனால நேரம் இல்லைன்னு சொல்ல முடியாது. எழுத உட்கார்ந்தா ஒரு விஷயம்தான் முன்னால வந்து நிக்குது. அதை எழுதவா வேண்டாமான்னு யோசிச்சே நாள் போயிருச்சு. இன்னைக்கு எழுதிருவோம்.

விவசாயம் பத்தி இல்ல. அமெரிக்காவுல விளையாட்டு வீரர் படம் போட்ட அட்டைகள் இருக்கே, அதைப் பத்தி. இவனுக்கும் அதுக்கும் என்ன சம்பந்தம்னு கேப்பீங்க. இருக்கு.

நம்ம பக்கத்துக்குப் புதுசா வர்றவங்களுக்குச் சொல்லிடுறேன். நான் பத்தாவது முடிச்சுட்டு எட்டு ஒன்பது வருஷம் சிவகாசியில ஒரு அச்சாபீஸ்ல கட்டிங் செக்‌ஷன்ல இருந்தவன். அப்பாவுக்கு முடியாமப் போன பிறகுதான் காட்டுக்கு வந்தேன். தீப்பெட்டி லேபிள், பட்டாசு லேபிள், காலண்டர் படம், நோட்டு அட்டை எல்லாம் வெட்டியிருக்கேன். ஒரு பெரிய ஷீட்டுல ஒரே படம் அறுபதோ நூறோ வரிசையா அடிச்சு வரும். அதை அடுக்கி, தட்டி, ஓரம் சேர்த்து, மெஷின்ல கொடுத்து வெட்டணும். அச்சடிக்கிறவனுக்குப் பேரு இருக்கும். வெட்டுறவனுக்குப் பேரு கிடையாது. ஆனா அரை மில்லி தப்புனா முழு லாட்டும் குப்பை. அப்போ மட்டும் வெட்டுறவன் பேரைக் கூப்பிடுவாங்க.

போன ஆடியில என் அக்கா மகன் குடும்பத்தோட வந்திருந்தான். நியூஜெர்சியில கம்ப்யூட்டர் வேலை. பன்னெண்டு வயசுல ஒரு பையன். வந்த மறுநாளே ஒரு நீளமான அட்டைக் குழாயைத் தூக்கிட்டு நம்ம வீட்டுக்கு வந்தான். பாய் சுருட்டுன மாதிரி உள்ள மூணு ஷீட்டு.

"மாமா, நீங்க கட்டிங்ல இருந்தவருதானே? இதை வெட்டித் தர முடியுமா?"

கட்டில்ல விரிச்சுப் பார்த்தேன். ரெண்டடிக்கு மேல அகலம், மூணடி நீளம். பத்துக்குப் பத்து, நூறு படம். எல்லாம் பேஸ்பால் ஆடுறவங்க. அச்சு அருமையான அச்சு. பின்பக்கம் ஒவ்வொண்ணுலயும் சின்னதா மினுங்குற ஹோலோகிராம். அவன் ஒரு மூலையில இருந்த படத்தைத் தொட்டுக் காட்டுனான். தொப்பி போட்டுச் சிரிக்கிற ஒரு சின்னப் பையன் முகம்.

"இது ஒண்ணுதான் மாமா வேணும். மிச்சம் தொண்ணூத்தொம்பதும் வேஸ்ட்."

அந்தப் பையன் பேரு கென் கிரிஃபி ஜூனியர். அப்பர் டெக்னு ஒரு கம்பெனி 1989-ல முதன்முதலா பேஸ்பால் அட்டை போட்டப்போ முதல் நம்பர் அட்டையா இவனைப் போட்டாங்க. அப்போ அவன் பெரிய ஆட்டக்காரன் இல்ல, வரப்போறவன். பிறகு பெரிய ஆளாயிட்டான், அட்டையும் பெரிசாயிருச்சு. ஆனா அந்த அட்டை ஷீட்டுல மூலையில இருந்ததால, முனை மழுங்காம கிடைக்கிறது கஷ்டமாம்.

இதைக் கேட்டதும் சிரிச்சேன். அமெரிக்கா போனாலும் மூலைப் பீஸ் மூலைப் பீஸ்தான். ஷீட்டைத் தூக்கும்போது அடி வாங்குறது மூலை. தட்டி அடுக்கும்போது மடங்குறது மூலை. எங்க ஃபோர்மேன் அண்ணாச்சி கணக்குப் போடும்போது மூலைப் பீஸ் நாலையும் கழிச்சுட்டுத்தான் சொல்லுவார்.

அந்த அட்டைகளுக்கு மார்க் போடுறதுக்குன்னே அங்க கம்பெனிகள் இருக்கு. முனை, ஓரம், மேற்பரப்பு, படம் நடுவுல இருக்கா, இது நாலையும் பார்த்து 1-ல இருந்து 10 வரைக்கும் மார்க் போட்டு, கெட்டியான பிளாஸ்டிக் பெட்டிக்குள்ள அடைச்சு சீல் வச்சுக் கொடுப்பாங்க. அதுக்கப்புறம் யாரும் அட்டையைப் பார்க்கிறதில்ல, நம்பரைத்தான் பார்க்கிறாங்க. இந்த கிரிஃபி 10 வாங்கினா அப்போ நம்ம பணத்துல ஒண்ணரை லட்சத்துக்குப் பக்கமா இருந்துச்சாம். 9 வாங்கினா அதுல பத்துல ஒரு பங்குதானாம் அப்போ. ஒரு மார்க்குக்கு இவ்வளவு வித்தியாசமான்னு கேட்டேன். ஆமா மாமான்னான். நம்ம பருத்தியையும் இப்படித்தான் ஒரு கைப்பிடி எடுத்துப் பார்த்துட்டு குவிண்டாலுக்கு ஐநூறு குறைப்பான். சரி, விடுங்க.

எதுக்கு வெட்டணும், அப்படியே சுவத்துல மாட்டலாமேன்னு கேட்டேன். முழு ஷீட்டுக்குப் பெரிய விலை இல்ல, வெட்டினாத்தான் காசுன்னான். நான் அதுக்கு மேல கேக்கல. உண்மையைச் சொல்லணும்னா கேக்கத் தோணல. முப்பது வருஷம் கழிச்சு ஒருத்தன் என்னைக் கட்டிங் வேலைக்குக் கூப்பிடுறான். கை அரிச்சிருச்சு.

கூட வேலை பார்த்த கூட்டாளி ஒருத்தன் இப்போ சொந்தமா ரெண்டு மெஷின் வச்சு ஜாப் வெட்டிக் கொடுக்கிறான். ஞாயித்துக்கிழமை அவன் ஷெட்டைத் திறந்து விட்டான். அப்போ நாங்க சக்கரம் சுத்தி கேஜை நகர்த்துவோம். இப்போ பட்டனை அமுக்கினா மில்லிமீட்டர் வருது. ஆனா கத்தி கத்திதான். "தீட்டி வந்து மாட்டின கத்தியா?"ன்னு கேட்டேன். "நேத்துதான் மாட்டினேன்"னான். அது முக்கியம். கத்தியில சின்னப் பல் விழுந்திருந்தாக்கூட வெட்டுன ஓரம் முழுக்க ஒரு கோடு ஓடும்.

ஒத்தை ஷீட்டு வெட்டுறது கத்தையா வெட்டுறதைவிடக் கஷ்டம். கத்தையில மேல உள்ள நாலு ஷீட்டும் கீழ உள்ள நாலு ஷீட்டும் கொஞ்சம் அப்படி இப்படிப் போகும். நடுவுல உள்ளது நல்லா வரும். ஒத்தை ஷீட்டுக்கு நடு ஏது? அதுவே மேல், அதுவே கீழ். அதனால அடியில நல்ல போர்டு வச்சேன். மேலயும் போர்டு வச்சேன், இல்லைன்னா அமுக்குற கிளாம்ப் தடம் படத்துல விழுந்துரும். அட்டை அளவு ரெண்டரைக்கு மூணரை இஞ்ச். மில்லியில 63.5-க்கு 88.9. படத்தைச் சுத்தி இருக்கிற வெள்ளை நாலு பக்கமும் ஒத்து வரணும். அந்த மூலைப் பீஸுக்கு ரெண்டு பக்கம் வெளி ஓரம், அங்க நம்ம இஷ்டம். மத்த ரெண்டு பக்கம் அடுத்த படத்தோட பங்காளி, அங்க பாதிப் பாதி. பங்காளிக் காடு அளக்கிற மாதிரிதான். கல்லை எங்க ஊன்றோமோ அங்கதான் சண்டை.

பூதக்கண்ணாடி வச்சு ஒரு மணி நேரம் பார்த்தேன். கூட்டாளி டீ வாங்கிட்டு வந்து ஆறிப்போச்சு. மருமகன் ஓரமா நின்னு மூச்சு விடாமப் பார்த்துக்கிட்டிருந்தான். நாலு வெட்டு. நாலாவது வெட்டுல அட்டை தனியா வந்து விழுந்தப்போ கையில எடுத்துப் பார்த்தேன். நாலு முனையும் முள்ளு மாதிரி நின்னுச்சு. நான் இருபது வயசுல வெட்டுனதுகூட அவ்வளவு சுத்தமா வந்ததில்ல.

மிச்ச ரெண்டு ஷீட்டையும் இப்போ வேணாம், இது எப்படிப் போகுதுன்னு பார்ப்போம்னு சொல்லி நம்ம வீட்டுலயே வச்சுட்டுப் போயிட்டான். பரண்ல வேப்பிலை போட்டு வச்சிருக்கேன்.

மார்கழியில போன் வந்துச்சு. "மாமா, பத்து! பத்துக்குப் பத்து!"ன்னு கத்துறான். பத்தாவதுல கணக்குல 41 வாங்கினவன் நான். அமெரிக்காக்காரன் என் வேலைக்கு முழு மார்க் போட்டுட்டான்னு வீட்டுல சொல்லிச் சொல்லிச் சிரிச்சேன். தை மாசம் அதை வித்துட்டான். எனக்கு 25,000 ரூபாய் அனுப்புனான். வேணாம்னு சொல்லல. அந்த வாரம்தான் கிணத்து மோட்டார் எரிஞ்சு போச்சு. காயில் கட்டவும், தூக்கி இறக்கவும் 18,000. மிச்சம் உரக்கடை பாக்கிக்குப் போச்சு. கடவுள் கொடுத்தார்னு நெனச்சேன்.

பங்குனியில அந்தச் சின்னப் பையன் வீடியோவுல பேசினான். என்னைத் தாத்தான்னுதான் கூப்பிடுவான், தமிழ் கொஞ்சம் தட்டித் தட்டிப் பேசுவான். கையில மூணு பாக்கெட் வச்சிருந்தான். 1989-ல போட்ட பழைய பாக்கெட், இன்னும் பிரிக்காதது, அங்க விக்கிறாங்களாம். அவன் பிறந்தநாள் காசுல வாங்கினது. "தாத்தா, கிரிஃபி வருதான்னு பாருங்க"ன்னு என் முன்னாலயே பிரிச்சான். ஒவ்வொரு அட்டையா நகத்துல பிடிச்சு எடுக்கிறான். முதல் பாக்கெட்ல இல்ல. ரெண்டாவதுல இல்ல. மூணாவதுலயும் இல்ல. அவன் அழல. "இட்ஸ் ஓகே தாத்தா. வந்தாலும் மூலை போயிருக்கும். பாக்கெட்ல இருந்து பத்து வர்றது ரொம்ப ரேர். ஒருத்தருக்கு வந்தா அது லக்"னான்.

நான் ஒண்ணும் சொல்லல. சாப்பிடப் போறேன்னு சொல்லி போனை வச்சுட்டேன்.

அன்னைக்கு ராத்திரி எனக்கு என் தம்பி ஞாபகம் வந்துச்சு. எங்க ஊர்ல அப்போ தீப்பெட்டிப் படம்தான் பையங்களுக்குச் சொத்து. ரோட்டோரம், டீக்கடை வாசல், பஸ் ஸ்டாண்டு எல்லாம் பொறுக்கி, தண்ணியில ஊறவச்சு உரிச்சு, காயவச்சு, கட்டு கட்டா வச்சிருப்பாங்க. அதை வச்சு ஆட்டம், பந்தயம், சண்டை எல்லாம். நான் அச்சாபீஸ் வேலைக்குப் போன முதல் மாசம், தம்பி ஆசைப்பட்டானேன்னு கழிச்சுப் போட்ட லேபிள்ல இருந்து ஒரு கத்தை கொண்டு வந்து கொடுத்தேன். புத்தம் புதுசு, பசை படாதது, கிழிசல் இல்லாதது. ஊர்லயே இவன்தான் ராஜான்னு நெனச்சேன். மறுநாள் சாயங்காலம் மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கிட்டு வந்தான். "அது செல்லாதாம்ணே. ஒட்டி உரிச்ச படம்தான் படமாம். இது அச்சாபீஸ் படமாம்."

எட்டு வயசுப் பையங்க போட்ட சட்டம். ஒரே கல்லுல, ஒரே மையில, ஒரே நாள்ல அடிச்ச படம்தான் ரெண்டும். எனக்கு அப்போ கோவம் வந்துச்சு. பொறாமைக்காரப் பயலுகன்னு திட்டினேன். அவங்க சொன்னது சரின்னு விளங்க எனக்கு நாப்பது வருஷம் ஆகியிருக்கு.

அதுக்கப்புறம்தான் இந்த விஷயத்தைத் தேடித் தேடிப் படிக்கவும் கேக்கவும் ஆரம்பிச்சேன். அங்க சேகரிக்கிறவங்களுக்கு இது பெரிய தலைவலி. முழு ஷீட்டு வெளியில வர்றது புதுசு இல்ல. அட்டைக் கம்பெனிகள்ல இருந்து வெட்டாத ஷீட்டு எப்படியெல்லாமோ வெளிய வந்து சுத்துது. சுவத்துல மாட்டுறவன் மாட்டுவான், வெட்டுறவன் வெட்டுவான். பாக்கெட்ல போய், பசங்க கையில அடி வாங்கி, ரப்பர் பேண்டு போட்டு, சட்டைப் பையில கிடந்து, வீடு மாறும்போது தப்பிச்சு நாப்பது வருஷம் கழிச்சு முனை மழுங்காம நிக்கிற அட்டைக்கு உள்ள மதிப்பு வேற. நேத்து வெட்டுன அட்டைக்கு அந்தப் பயணமே இல்ல. அதான் அவங்க வருத்தம். பெட்டிக்குள்ள போனதும் ரெண்டுக்கும் ஒரே 10. எது எதுன்னு தெரியாது. பத்து அட்டைதான் இருக்குன்னு நெனச்சு விலை கொடுத்தவன் தலையில பதினொண்ணாவது பன்னெண்டாவதுன்னு வந்து விழுது.

எல்லா அட்டையும் இப்படி இல்ல. 1961, 62, 63-ல போஸ்ட்டுன்னு ஒரு சீரியல் கம்பெனி, காலையில பால்ல போட்டுச் சாப்பிடுற பொருள், அந்த டப்பா பின்பக்கமே அட்டையை அச்சடிச்சு விட்டாங்க. வீட்டுல பிள்ளைங்க கத்திரிக்கோல்ல வெட்டி எடுக்கணும். அது கோணல் மாணலாத்தான் இருக்கும். அதை யாரும் குத்தம் சொல்றதில்ல, வெட்டுறதுக்குன்னே போட்டது. இன்னொண்ணு எனக்கு ரொம்பப் பிடிச்சது. கனடாவுல ஓ-பீ-சீன்னு ஒரு கம்பெனி. ஐஸ் ஹாக்கி ஆடுன வெய்ன் கிரெட்ஸ்கியோட முதல் அட்டை 1979-ல அவங்க போட்டது. அதுல நல்ல மார்க் வாங்கின ஒண்ணு 2021-ல 37.5 லட்சம் டாலருக்குப் போச்சு. அந்தக் கம்பெனி அட்டைங்க ஓரம் பல்லு பல்லா, பிசிறு பிசிறா இருக்கும், அவங்க வெட்டு அப்படி. அதனால அதுல ஓரம் மொழுமொழுன்னு இருந்தா விஷயம் தெரிஞ்சவன் சந்தேகப்படுவான். நல்லா வெட்டுனதுதான் அங்க குத்தம்! இதைப் படிச்சுட்டு எங்க ஃபோர்மேன் அண்ணாச்சியை நெனச்சுச் சிரிச்சேன். பிசிறு இருந்தா காதைத் திருகுவார் மனுசன்.

இதுல எல்லாத்துக்கும் தாய்க் கதை ஒண்ணு இருக்கு. ஹோனஸ் வாக்னர்னு பழைய காலத்து ஆட்டக்காரர். 1909-ல இருந்து 1911 வரைக்கும் சிகரெட் பாக்கெட்டுக்குள்ள வந்த அட்டை, டி206-னு சொல்றாங்க. அவர் அட்டை ரொம்பக் கொஞ்சம்தான் வெளிய வந்துச்சு. அதுல ஒண்ணை 1985-ல பில் மாஸ்ட்ரோன்னு ஒரு வியாபாரி 25,000 டாலருக்கு வாங்கினார். 1991-ல அதை கிரெட்ஸ்கியும் இன்னொருத்தரும் சேர்ந்து 4,51,000 டாலருக்கு ஏலத்துல எடுத்தாங்க. அந்த வருஷம்தான் பி.எஸ்.ஏ.ன்னு மார்க் போடுற கம்பெனி வந்துச்சு. அவங்க முதல் நம்பரே இந்த அட்டைக்குத்தான். மார்க் 8. சிகரெட் பாக்கெட்ல வந்த அட்டை எண்பது வருஷம் கழிச்சு இப்படி இருக்குமான்னு அப்பவே பேச்சு இருந்திருக்கு. அது முழு ஷீட்டுல இருந்து பிறகு வெட்டினதுன்னும் சொல்றவங்க உண்டு. 2007-ல 28 லட்சம் டாலர். 2013-ல மாஸ்ட்ரோ ஏல மோசடி வழக்குல குத்தத்தை ஒத்துக்கிட்டப்போ, அந்த அட்டை ஓரத்தைச் சீவினது நான்தான்னும் ஒத்துக்கிட்டார். 20 மாசம் ஜெயில் போட்டாங்க. இத்தனை வருஷமா அத்தனை பேர் கை மாறி வந்த அட்டை, ஓரம் சீவினது.

சீவுறதும் ஷீட்டுல இருந்து வெட்டுறதும் ஒண்ணு இல்ல. சீவுறது சந்தையில மாட்டுக்குக் கொம்பு சீவி வயசு குறைச்சுக் காட்டுற மாதிரி. அது பச்சைப் பொய். ஷீட்டுல வெட்டுறதுல பொய் எங்க இருக்குன்னு தேடித்தான் பிடிக்கணும். 2019-ல அங்க சேகரிக்கிறவங்களே உட்கார்ந்து, பழைய ஏலத்துல வந்த படத்தையும் இப்போ பெட்டிக்குள்ள இருக்கிற படத்தையும் பக்கத்துல பக்கத்துல வச்சு, ஒரே அட்டை அப்போ இந்த அளவு இப்போ இந்த அளவுன்னு சீவினது நிறையவே கண்டுபிடிச்சாங்க. ஷீட்டுல வெட்டினதை அப்படிப் பிடிக்க முடியாது. அதுக்கு 'அப்போ'ன்னு ஒரு படம் கிடையாது.

பிடிக்கிறதுன்னா ஓரத்தைப் பார்க்கணும். வேப்பங்குச்சி ஒடிச்சா அன்னைக்கு ஒரு நிறம், ஒரு மாசம் கழிச்சு ஒரு நிறம். பேப்பரும் அப்படித்தான். வெளிய இருந்த ஓரம் பழுக்கும், புது வெட்டு வெளுப்பா நிக்கும். நான் வெட்டின அட்டையில அந்த வெளுப்பு இருந்துச்சு. நான் பார்த்தேன். மார்க் போட்டவங்க பார்க்கலையா, பார்த்தும் பரவாயில்லைன்னு விட்டாங்களா, அது அவங்க பாடு.

சித்திரையில மருமகன்கிட்ட பேசினேன்.

"மாப்ள, வாங்கினவன்கிட்ட ஷீட்டுல வெட்டினதுன்னு சொன்னியா?"

"அவன் கேக்கல மாமா."

"கேட்டா சொல்லியிருப்பியா?"

கொஞ்ச நேரம் சத்தமே இல்ல. "மாமா, அது ஒரிஜினல்தானே? கம்பெனி அச்சு, கம்பெனி அட்டை, கம்பெனி ஹோலோகிராம். நான் போலி அடிக்கலையே. கம்பெனி வெட்டுறதுக்குப் பதிலா நீங்க வெட்டினீங்க. அவங்களைவிட நல்லா வெட்டினீங்க. இதுல என்ன தப்பு?"

அவன் சொல்றதையும் தள்ள முடியல. நல்லா வெட்டினேன்கிறது உண்மை. அப்புறம் எனக்குத் தெரிஞ்ச பாஷையில சொன்னேன். "நம்ம வீட்டு நெல்லு, விதை நெல்லு மாதிரியே திரண்டுதான் இருக்கு. ஒருவேளை நல்லாவே முளைக்கும். ஆனா நீல அட்டை கட்டி, சான்று விதைன்னு சாக்குல போட்டு வித்தா? வாங்குறவன் நெல்லுக்கா காசு கொடுக்கிறான், அந்த அட்டைக்குல்ல கொடுக்கிறான்?"

நாலு வருஷம் முன்னால மக்காச்சோள விதை வாங்கி ஏமாந்த கதையை இங்கயே எழுதியிருக்கேன், ஞாபகம் இருக்கும். சாக்கு தையல் பிரியல, அட்டையெல்லாம் ஒழுங்கா இருந்துச்சு, பாதிதான் முளைச்சது. அப்போ நான் எத்தனை பேரைச் சாபம் விட்டேன். அட்டை கட்டினவன், மூட்டை தைச்சவன், கடைக்காரன், யாரையும் விடல.

"சரி மாமா, இப்போ என்ன செய்யச் சொல்றீங்க? வித்தாச்சு. வாங்கினவன் யாருன்னுகூட எனக்குத் தெரியாது. அவனும் இந்நேரம் வேற யாருக்காவது வித்திருப்பான்"னான். அதுக்கு என்கிட்ட பதில் இல்ல. "அந்தக் காசைத் திருப்பி அனுப்பட்டுமா?"ன்னு கேட்டேன். "யாருக்கு?"ன்னு திருப்பிக் கேட்டான். அதுக்கும் பதில் இல்ல. மோட்டாரு நல்லாத்தான் ஓடுது.

"பையனுக்குத் தெரியுமா?"ன்னு கேட்டேன். அதுக்கு மட்டும் அவன் குரல் இறங்கிருச்சு. தெரியாதாம். அப்பா அதிர்ஷ்டத்துல வாங்கினதுன்னு நெனச்சுக்கிட்டிருக்கானாம். அந்த 10 பெட்டியோட படத்தை ஃபோன்ல வச்சுக்கிட்டு ஸ்கூல்ல எல்லாருக்கும் காட்டுறானாம்.

வீட்டுல சொன்னா, "ஒரு பேப்பர் துண்டை நறுக்கினதுக்கா இத்தனை ரோசனை? ஊர்ல கலப்பட எண்ணெய் விக்கிறவனே நிம்மதியாத் தூங்குறான்"ங்கிறா. அவ சொல்றதும் ஞாயம்தான். ஏமாந்தவன் யாரோ ஒரு காசுக்காரன், ஒண்ணரை லட்சத்தை ஒரு அட்டையில போடுறவன். அவனுக்காக என் மனசு அவ்வளவா அடிச்சுக்கல, மறைக்காமச் சொல்றேன். மூணு பாக்கெட்டை நகத்துல பிரிச்சுப் பார்த்த கைதான் கண்ணுல நிக்குது.

இந்த ஆடியிலயும் வர்றாங்க. மிச்ச ரெண்டு ஷீட்டு பரண்ல இருக்கு. போன வாரம் மருமகன் போன்ல மெதுவாக் கேட்டான். நான் வெட்ட மாட்டேன்னு சொல்லிட்டேன். அவன் கோவிச்சுக்கல. "நீங்க இல்லைன்னா சிவகாசியில கத்தி பிடிக்க ஆளா இல்ல மாமா"ன்னு சிரிச்சான். உண்மைதான். என் கூட்டாளியே வெட்டிக் கொடுப்பான், அவனுக்கு அது ஒரு ஜாப். ஷீட்டு மருமகனோடது. எடுத்துட்டுப் போனா நான் பிடிச்சா வைக்க முடியும்?

நேத்து தச்சாசாரியைப் பார்த்து ரெண்டு ஷீட்டுக்கும் அளவு கொடுத்து வேப்பமரச் சட்டம் கேட்டிருக்கேன். கண்ணாடியோட ஆயிரத்து எண்ணூறு சொல்றார். பையன் வந்ததும் அவன் கையில முழு ஷீட்டாக் கொடுத்து, எது எங்க இருக்குன்னு அவனையே தேடச் சொல்லப் போறேன். மேல் மூலையில அந்தச் சிரிக்கிற பையனைப் பார்த்ததும் கேப்பான், தாத்தா, இன்னொரு ஷீட்டு இருந்துச்சாமேன்னு. கேக்காம இருக்க மாட்டான், கெட்டிக்காரன். அப்போ அவங்க அப்பாவும் பக்கத்துல இருப்பான். எப்படி ஆரம்பிக்கிறதுன்னுதான் இன்னும் பிடிபடல.

மேற்கால மேகம் கறுத்திருக்கு. மாட்டை உள்ள பிடிச்சுக் கட்டணும். வர்றேன்.